பதினோரு முறை ஓடிய வகுப்பு

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, மாலை 4.20. சோதித்த மடிக்கணினிகள் இரண்டு. உன் ஆன்லைன் கணக்கு வகுப்பின் பதிவை ஓட்டியது பதினோரு முறை.

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். அப்பாவின் முட்டிவலி தேவலையா?

உன் பழைய மடிக்கணினி பாதி வகுப்பில் அணைந்து அணைந்து மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்களே, இனி ஒருவரும் நிற்கமாட்டார்கள். வேகமான பிராசஸர்தான் வேண்டும் என்று குதித்தேன் அல்லவா? தப்பு. எங்கள் ஆய்வகத்தில் வேகமானது, சுமாரானது என இரண்டு பிராசஸரிலும் நீ அனுப்பிய வகுப்புப் பதிவையே ஓட்டினேன். வேகமானது கண் சிமிட்டுவதற்குள் எதையும் திறக்கிறது. ஆனால் சூடேறி, உள்ளே மின்விசிறி போட்ட கூச்சல் உன் குரலையே அமுக்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்! இரண்டரை மணி நேரத்தில் பேட்டரி காலி. கரண்ட் போனால் வகுப்பும் போச்சு. சுமாரான பிராசஸர் சத்தமே இல்லாமல் ஒன்பது மணி நேரம் ஓடியது. பாடம் நடத்த அது தாராளம்.

ஒரு கூத்து. ஹெட்போன் மாட்ட மறந்துவிட்டேன். "ஏய், அங்க என்ன பேச்சு? போர்டைப் பாரு!" என்ற உன் அதட்டலில், நம் மொழியே தெரியாத மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்டார்:

"யாருப்பா இது?"

"எங்கம்மா."

"அதான் நீ இப்படி இருக்கியா!"

பின்னங்கள் பாடம் எனக்கு மனப்பாடம். வேறு பாடம் இருந்தால் அனுப்பு. வேலை கூப்பிடுகிறது. இனி செய்யப்போவது:

1. சுமாரான மடிக்கணினியை நாளை காலை பார்சலில் போடுவேன்.
2. காற்று அடைபட்டுச் சூடேறும், அதை மெத்தைமேல் வைக்கக்கூடாதென்று அப்பாவுக்குப் போன் செய்வேன்.
3. வகுப்பைப் பன்னிரண்டாவது முறை ஓட்டுவேன். சோதனை என்னவோ நான்காவது முறையிலேயே முடிந்துவிட்டது.