நாலு சுவருக்குள் சொன்ன அளவு

அக். 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது. வாங்க வேண்டியது: லைனிங் துணி, ஊக்கு ஒரு பெட்டி, கறுப்பு நூல். கரன்ட் இரண்டு முறை போனது.

அண்ணன் மகள் சங்கீதா இலுப்பூரிலிருந்து வந்தாள். வீட்டிலிருந்தே ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். நான் பக்கத்து வீட்டு ராணிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல அலமாரி மேலிருக்கும் பேசும் பெட்டியைக் கூப்பிட்டு, "ராணி, மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பத்திரண்டு, குறிச்சுக்க" என்றேன். இரண்டு கையிலும் டேப் இருக்கும்போது நோட்டில் எப்படி எழுதுவது? குவைத்திலிருந்து இவர் லீவில் வந்தபோது மாட்டிக் கொடுத்தது. ஒரு வருடமாக அதுதான் என் அளவு நோட்டு.

ராணி போனதும் சங்கீதா கேட்டாள்.

"அத்தை, எல்லாரு அளவையும் இதுகிட்டதான் சொல்றீங்களா?"

"ஆமா. ஏன்?"

"நான் பாக்குற வேலையே இதுதான் அத்தை. நம்ம ஊர்ப் பேச்சு இதுக்குச் சரியாப் பிடிபடாது. அதனால பேசினதுல கொஞ்சத்த எடுத்துக் கம்பெனியில எங்களுக்கு அனுப்புவாங்க. காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டு, என்ன சொன்னாங்கன்னு டைப் பண்ணணும்."

"மனுசங்க கேக்குறீங்களா?"

"ஆம்பள, பொம்பள எல்லாருந்தான். ஆனா யாரு பேசுறதுன்னு எங்களுக்குத் தெரியாது."

தெரியாதாம்! பேரைச் சொல்லித்தானே அளவையே சொல்கிறேன். இந்த அரிமளத்தில் பாதிப் பெண்களின் மார்பும் இடுப்பும் எவன் காதிலோ. பெட்டியைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன்.

அக். 7, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். ராணி ஜாக்கெட் முடிந்தது.

இவரிடம் போனில் கத்தினேன். பெட்டியை மாட்டும்போது அது கேட்ட எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று அமுக்கிவிட்டாராம். படிக்கவே இல்லையாம்.

"அளவுதானே புள்ள, எவன் கேட்டா என்ன?"

"அப்படிங்களா? ஒங்க தொப்பை அளவ ஒங்க கம்பெனி மைக்குல சொல்லட்டுமா?"

போனை வைத்துவிட்டார். வைக்கட்டும்.

அப்புறம் கஸ்டமர் கேர். அரை மணி நேரம் பாட்டு. கடைசியில் ஒரு பெண், "உங்கள் அனுமதியுடன்தான் மேடம்" என்றாள். என் அனுமதியா? என் வீட்டுக்காரர் ஒரு பொத்தானை அமுக்கினால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அனுமதி கொடுத்ததாக ஆகிவிடுமா? கேட்டேன். "புரிகிறது மேடம்." ஒரு மண்ணும் புரியவில்லை அவளுக்கு. வைத்ததும் மெசேஜ்: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? தூ.

அக். 8, புதன்

ஊக்கு வாங்க மறந்தாச்சு.

சங்கீதா சொல்லித் தர, என் போனில் பழைய பதிவுகளைத் திறந்தேன். வரிசையாக, தேதி போட்டு வைத்திருக்கிறான் பெட்டிக்காரன். தொட்டால் பேசுகிறது. அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்காமலே அழித்திருக்கலாம்.

வசந்தா டீச்சர். போன மார்கழியில் ஆபரேஷன், இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அவள் வீட்டுக்காரரை விட்டால் இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஜாக்கெட்டுக்குள் பஞ்சு வைத்துத் தைப்பது நான்.

பதிவில் என் குரல்: "வசந்தா டீச்சர், இடது பக்கம் பஞ்சு, ரெண்டு அடுக்கு, குறிச்சுக்க."

அடுத்து அவள் குரல், மெதுவாக: "யாருக்கும் தெரிய வேணாம்க்கா."

என் குரல்: "இந்த நாலு செவத்தத் தாண்டாது டீச்சர்."

அத்தோடு நிற்கிறது.

எத்தனை பேர் கேட்டார்கள்? எந்த ஊரில் உட்கார்ந்து? சிரித்தார்களா? எல்லாவற்றையும் அழித்தேன். "முன்னாடியே எங்க கைக்கு வந்தது இருந்தா, அது அழியாது அத்தை" என்கிறாள் சங்கீதா. அப்புறம் அழிக்கிற பொத்தான் என்ன எழவுக்கு?

"அதக் கேட்டவ நீயா இருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

"டைப் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன்" என்றாள். பிறகு அழுதாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

அக். 9, வியாழன்

ஒரு ஜாக்கெட்டில் கையை மாற்றித் தைத்துவிட்டேன். பிரித்தது ஒரு மணி நேரம்.

டீச்சரிடம் சொல்வதா, வேண்டாமா? சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதே இல்லை. பெட்டிக்காரனும் அப்படித்தானே நினைத்தான். அதை நினைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, இங்கிட்டு உக்காருங்க" என்றாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் குரலும் இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"பேரு?"

"நாந்தான் சொன்னேன்."

சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "நீங்க போங்கக்கா" என்றாள். திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நல்லது.

அக். 11, சனி

நல்ல மழை. டீச்சர் வீட்டுக்காரர் பைக்கில் வந்து வாசலில் நின்றபடியே ஒரு பையைக் கொடுத்தார்.

"டீச்சர் வரலையாண்ணே?"

"அவளுக்குப் பேப்பர் திருத்துற வேலை இருக்கும்மா. அளவு ஜாக்கெட் உள்ள இருக்கு. வாரேன்."

அளவு ஜாக்கெட்! கடைத்தெரு டெய்லருக்குத்தான் பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்புவார்கள். என்னிடம் வருகிறவர்கள் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, கையைத் தூக்கி நிற்பார்கள். டேப் சுற்றும்போது மனசில் இருப்பதெல்லாம் வரும். ஒன்பது வருடமாக அப்படித்தான் வந்தாள்.

பையைப் பிரித்தேன். புதுத் துணி, மயில்கழுத்து நிறம். கூட நான் தைத்த பச்சை ஜாக்கெட். இடது பக்கத் தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, திரும்ப மூடியிருக்கிறாள், கோணல் மாணலாக, தன் கையாலேயே. என்னிடமிருந்தும் மறைக்கிறாள்.

புதியதில் பஞ்சு வைக்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இரண்டு அடுக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.