பாவாயி அக்கா வைக்கவில்லை

பிரபா,

"ஏப்பா, சாமி தண்ணியிலயும் கிருமி இருக்குமா?" என்று நம் பெரியவள் அபிநயா முன்பு ஒருநாள் கேட்டாள். "அதுல ஒண்ணும் ஆவாது சாமி" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

நேற்று பக்கத்து வீட்டுப் பாவாயி அக்கா தீர்த்தம் கொண்டுவந்தது சாமி படத்தருகே வைக்கத்தான். சின்னவன் உதட்டில் தொட்டு வைத்தவன் நான். குடல் அடைப்போடு பிறந்தவனுக்கு நோயைத் தாங்கும் சக்தியும் பிறவியிலேயே இல்லை என்று டாக்டர் சொன்னது தெரிந்தும் வைத்தேன்.

"இனி எங்க ஊட்டுப் பக்கம் வராதீங்க" என்று, அவர்தான் வைத்தார் என நினைத்து நீ அவரைத் திட்டியபோது, அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி கண்ணு" என்று போய்விட்டார். நான் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு விளக்கேற்றவும் கை கூசியது.

டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டேன். உடம்பு சுட்டால் காத்திருக்காமல் கொண்டுவரச் சொன்னார். அவனுக்கு நரம்பில் ஏற்றும் மருந்தை வாங்க சேலம் போகிறேன். அதற்குள் அவனுக்குச் சுட்டால் உங்களைக் கூட்டிப்போகக் கார்க்காரர் கலையரசனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ரசம் அடுப்பில் இருக்கிறது, நீ சாப்பிடு.

வந்ததும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்பேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

பூபதி

பி.கு.: விடியுமுன் குழாயில் தண்ணீர் வந்தது. அக்கா எழுவதற்குள் அவர் வாசல் குடங்களை நிரப்பி மூடிவைத்தேன். யாரும் பார்க்கவில்லை. நீயும் சொல்லிவிடாதே.