தம்பி வாங்கிய முதல் பரிசு

அன்புள்ள அப்பாவுக்கு, மகளின் வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறாளா?

தம்பியின் பரிசைக் கல்லூரி திரும்ப வாங்கிக்கொள்ளும். காரணம் நான்தான். அடுத்தவர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்த கல்லூரி, இப்போது அவன் படிக்கும் கல்லூரி என்பதால், ஞாயிறுதோறும் அங்கே கணினி படிக்கும் மூன்று பெண்களுக்குப் போனில் வழிகாட்டி வந்தேன் அல்லவா? காது கேளாதவர்களுக்கு, பேருந்தில் இறங்கும் நிறுத்தம் வந்ததும் அதிர்ந்து தெரிவிக்கும் செயலியை அவர்கள் செய்தார்கள். எல்லாவற்றையும் எனக்கு மின்னஞ்சலில் அனுப்புவார்கள். கல்லூரியில் நடந்த செயலிப் போட்டியில் தம்பி முந்திக்கொண்டு அதையே தன்னுடையதாகக் காட்டிவிட்டான்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும்தானே காட்டினோம்?" என்று ஒருத்தி போனில் கேட்டாள். வேலியே பயிரை மேய்ந்ததாகத்தான் நினைத்திருப்பாள். என் மின்னஞ்சலின் கடவுச்சொல் தம்பியின் பிறந்த நாள், அப்பா.

அவனைக் கேட்டேன். "யாரோ மூணு பேருக்காகக் கூடப்பிறந்தவனையே காட்டிக்கொடுப்பியா?" என்றான். துறைத் தலைவருக்கு உண்மையை எழுதிவிட்டேன். பரிசு அந்தப் பெண்களுக்குப் போகும். ஆனால் போன ஞாயிறு அவர்கள் என்னை அழைக்கவில்லை.

பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கேயும் கடையில் கிடைக்கும்தான், இருந்தாலும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. தம்பி சாப்பிடாமல் படுத்தால் எழுப்பிச் சாப்பிட வையுங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்