மடிப்போடு இரண்டு கோடு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா?

நேற்று ஆபரேஷனுக்கு முன், புற்றுநோய் வந்த ஓர் அம்மாவின் கழுத்தில் வெட்ட வேண்டிய இடத்தைப் பேனாவால் மூன்று கிளையாக வரைந்தேன். பெரிய டாக்டர் அதைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஏற்கெனவே ரேடியேஷன் கரண்ட் வச்ச கழுத்தும்மா. மூணு வெட்டு கூடுற இடம் ஆறாது. கழுத்து மடிப்போட ரெண்டு கோடு போடு."

"என் கழுத்து என்ன சிலேட்டா?" என்று அந்த அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் கை கழுவிவிட்டுத் தனியாகச் சாப்பிட்டேன்.

உங்கள் தாடைக்குக் கீழே இருக்கும் கட்டி வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. தலையை லேசாகத் தாழ்த்தி, கழுத்து மடிப்பு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள். சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள் மகள்