ரமோன் சொல்லி அனுப்பிய ஏழு வார்த்தை

ஐப்பசி 9, ஞாயிறு
விடியலிலிருந்து தூறல். எழுதப் படிக்க வராது எனக்கு. நான் பேசப் பேசப் போன் எழுதிக்கொள்கிறது.

நம் பிரதமர் தாஷ்கண்டில் இறந்த வருஷம். அமெரிக்க விமானம் ஸ்பெயின் கரையில் அணுகுண்டுகளைத் தவறவிட்டதும் அதே மாதம். எனக்கு இருபது வயது. சரக்குக் கப்பலில் சமையல் எடுபிடி. பார்சிலோனாவில் இறங்கினால் கேப்டன், தலைமைச் சமையல்காரர், நான், எல்லோருக்கும் பிலாரின் ஒயின் கடை. சுவரில் சர்வாதிகாரியின் படம். அதன் கீழே யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. 'ருஷ்யா' என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். மறுநாள் அவன் நாற்காலி காலி.

பிலாரின் புருஷன் ரமோன், வேலைநிறுத்தம் செய்துவிட்டு எல்லை தாண்டி மார்செய் துறைமுகத்துக்குத் தப்பியவன். கடிதம் போட்டால் போலீஸ் பிரிக்கும். அதனால் நான்தான் கடிதம். பாஷை தெரியாது; ஒலியை அப்படியே மனப்பாடம். நாலு தடவை போய்வந்தேன். ஐந்தாவது தடவை ரமோன் சொன்ன பதிலோடு ஏறினேன். கப்பலைக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். ஏழு வார்த்தை. இன்னும் என்னிடமே.

ஐப்பசி 10
மார்செய்யிலிருந்து பேத்தி நிலா போனில். அவளைத்தான் தேடச் சொல்லியிருந்தேன். "தாத்தா, ரமோனோட மக கார்மென் கெடைச்சுட்டாங்க! புதன்கிழமை வீடியோல பேசுறாங்க!"
பிலார் இருக்கிறாளா? கேட்கத் தைரியம் வரவில்லை. சோறு இறங்கவில்லை. சட்டை மூன்று முறை மாற்றம்.
மருமகள் செல்வி: "என்ன மாமா, பொண்ணு பாக்கவா போறீங்க?"

ஐப்பசி 11
பிரஷர் மாத்திரை. கிளிஞ்சல்மேடு வரை நடை, சொல்லிக்கொண்டே. ஐந்தாவது வார்த்தை வரவில்லை! வியர்த்துவிட்டது.
அப்புறம்தான் உறைத்தது. கப்பலில் வெங்காயம் நறுக்கியபடி மனப்பாடம் செய்தது. வெட்டுக்கு ஒரு வார்த்தை. ஓடிவந்து கத்தியை எடுத்தேன். வந்துவிட்டது! ஏழும்!
செல்வி: "ஒரு கிலோவையும் நறுக்கிட்டீங்களே! வீட்டுல கல்யாணமா?"

ஐப்பசி 12, புதன்
மழை. நெட் போய்ப் போய் வந்தது. கார்மென் தலை முழுக்க நரை. நிலா மொழிபெயர்த்தாள்.
கேப்டன் இல்லை. தலைமைச் சமையல்காரர் இல்லை. ரமோன் ஊர் திரும்பாமலே மார்செய்யில் கண்ணை மூடிவிட்டான்.
கார்மென், "சொல்லுங்க, நான் அவர் மகள்" என்றாள்.
"மன்னிச்சுக்கம்மா. உங்கம்மா காதுல மட்டும்தான் சொல்லணும்னாரு."
நிலாவுக்குக் கோபம். "தாத்தா! அறுபது வருஷம் ஆவுது!"
கார்மென் போனோடு எழுந்தாள். நடை. ஒரு கதவு. ஜன்னலோரம் கட்டில், சின்னதாய் ஒரு வெள்ளைத் தலை.
கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
அந்தக் கடையில் இருந்தவர்களில் என்னைத் தவிர மிச்சம் ஒரே ஆள். பிலார்.