ஆறு மட்டும் மிஞ்சிய வரைபடம்

நீங்கள் இறந்துபோன பிறகு உங்களுக்கு எழுதும் முதல் மடல் இது. வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. ஆகவே:

1. உங்கள் அலமாரியில் கண்டது.
2. நீங்கள் என்னை ஏமாற்றியது.
3. அதற்குத் தேவையே இருக்கவில்லை, சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன் என்பது.
4. இப்போதைய நிலைமை.

போன மாதம் பள்ளியில் உங்கள் அலமாரியைத் திறந்ததும் காய்ந்த பசையின் வாடை அடித்தது. உங்களிடம் படித்து, இன்று உங்கள் இடத்தில் சமூக அறிவியல் எடுக்கும் பவித்ரா டீச்சர்தான் கூப்பிட்டிருந்தார். உங்களைப் போல அவருக்கும் பார்வை இல்லை. பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்க நான் செய்து தந்த படங்கள் அடுக்குக் குலையாமல் இருந்தன. மேலாக இருந்தது கிருஷ்ணகிரி மாவட்ட வரைபடம். தென்பெண்ணை ஆற்றுக்குச் சணல், மாநில எல்லைக்கு முடிச்சுப் போட்ட நூல், நெடுஞ்சாலைக்குக் கம்பி, ரயில் பாதைக்கு ஜிப் என்று ஒட்டியிருந்தேன். இப்போது அதில் சணல் மட்டும் இருந்தது. மற்ற இடங்களில் பசைத் தடமும் பிய்ந்த அட்டையும்தான்.

பசைக்கு ஆசைப்பட்டுக் கரப்பான் தின்றிருக்கும் என்றேன். பவித்ரா சிரித்துவிட்டார்.

“கரப்பான் இல்லீங்க சார். எங்க சார்தான். நீங்க கேட்டைத் தாண்டினதும் நகத்தால உரிக்க ஆரம்பிச்சிடுவாரு. உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்.”

எனக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் நான் படத்தோடு வருவேன். நீங்கள் கை கழுவித் துடைத்துக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் அட்டையின் மேல் பரப்புவீர்கள். விரல் ஊரும்போது தெலுங்கில் ஏதோ முணுமுணுப்பீர்கள். வேலைக்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்தவன் நான், ஓசூரிலேயே கிழவனாகியும் எனக்குத் தெலுங்கு பிடிபடவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். கடைசியில் தமிழில் “சுத்தமா இருக்குது சார்” என்பீர்கள். அந்த ஜிப்பைத் தொட்டுவிட்டு, இது எந்தத் துணியில் இருந்தது என்று கேட்டீர்கள். என் பழைய பேண்ட் என்றேன்.

“அப்போ சாமல்பட்டி ஸ்டேஷன்ல எறங்கறவங்க பாத்துத்தான் எறங்கணும்.”

மூக்கண்டப்பள்ளி வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். அதே நேரத்தில் நீங்கள் அந்த ஜிப்பை உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

காரணத்தைப் பவித்ரா விளக்கினார். ஆற்றின் மேல் போகிற விரல் எல்லை நூலைத் தொட்டதும் அதில் ஏறி, கர்நாடகத்தின் ஓரமாகவே போய்விடுமாம். கண் ஒரே பார்வையில் பிரித்துக்கொள்வதை விரலால் பிரிக்க முடியாது. ஒரு தாளுக்கு ஒரு சங்கதிதான். நான் தொழிற்சாலையில் வரைபடம் போட்டவன். ஒன்றை விட்டுவிட்டால் குற்றம் என்று பழகியவன். விரல் குழம்பும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

உரித்ததைக்கூட விட்டுவிடலாம். வகுப்பு முழுவதற்கும் சொல்லி வைத்திருந்தீர்களே, அதுதான் ஆறவில்லை. “அவரு நல்ல மனுசன். கைக்கு ஆப்ட்டதெல்லாம் ஒட்டிடறாரு. யாரும் வாயைத் தொறக்கக் கூடாது” என்றீர்களாம். அடுத்த சனிக்கிழமை நான் வந்ததும் பிள்ளைகள் ஒரே குரலில் நன்றி சொல்வார்கள். நான் கூச்சத்தோடு தலையாட்டுவேன். அத்தனை வருடமும் அந்த அறையில் விஷயம் தெரியாதவன் நான் ஒருவன்தான். நண்பர் என்றுதானே உங்களை நினைத்திருந்தேன். இது நண்பர் செய்கிற காரியமா?

தொழிற்சாலையில் என் வரைபடங்கள் சிவப்புப் பென்சில் கோடுகளோடு திரும்பி வரும். முகம் சுளிக்காமல் திருத்திக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருத்தியிருக்க மாட்டேனா? இந்த இடம்வரை இதை உறுதியாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன்.

இனி நிலைமை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. ஆறும் அணைகளும் மட்டும் உள்ள படம் வேண்டும் என்று பவித்ரா கேட்டார். அப்படியே செய்து கொண்டுபோனேன். அவர் தடவிப் பார்த்தார். உங்களைப் போல முணுமுணுக்கவில்லை.

“சார், இது புரியல. அணை எங்க, ஆத்தோட வளைவு எங்கன்னு தெரியல. மாத்திக் குடுங்க.”

சரிம்மா என்று வாங்கிக்கொண்டு வந்தேன். வந்ததும் அட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவர் போன் செய்தபோது எடுக்கவில்லை. மறுபடி செய்தபோது காய்ச்சல் என்று மருமகளைச் சொல்லச் சொன்னேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. பிள்ளைகள் படம் இல்லாமலே அணைகளின் பெயரை ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளிடம் பவித்ரா சொல்லியிருக்கிறார். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. இனி அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்றுதான் படுத்திருந்தேன்.

நேற்றுக் காலையில்தான் அட்டையை வெளியே எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். பவித்ரா சொன்னது சரி. அணைகளுக்கு வைத்திருந்த உப்புத்தாளை உரித்தேன். பசை இறுகியிருந்ததால் நகம் வலித்தது. அந்த இடங்களில் சட்டைப் பொத்தான்களை ஒட்டியிருக்கிறேன். நாளை கொண்டுபோகிறேன். மறுபடியும் புரியவில்லை என்று சொல்வாரோ என்று இன்னொரு தடவை கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன்.

மூன்றாவதாக எழுதியது தவறு. தொழிற்சாலையில் திருத்தாவிட்டால் வேலை போயிருக்கும், அதனால் திருத்தினேன். நீங்கள் சொல்லியிருந்தால் சரி சார் என்றிருப்பேன், அடுத்த சனிக்கிழமை வந்திருக்க மாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாவதாக எழுதியதை அடித்துவிட மனம் வரவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.