கறை பொறுக்காத கைகள்

மாமா,

இன்று காலையிலிருந்து என் கையில் மண்ணெண்ணெய் மணக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உங்கள் பேத்தி ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறாள். வாங்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் வீட்டில் சொன்னாள். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. மாமி இருக்கிற வீட்டில் அதைக் கேட்கவும் முடியாது. பொனட்டைத் திறந்தால் எஞ்சின் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி அப்பிக் கிடந்தது. கழுவித் தாருங்கள் என்று சாவியை என்னிடம் தந்துவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

மண்ணெண்ணெயைத் தூரிகையால் பூசி, ஊறவிட்டு, சுரண்டினேன். மின் இணைப்புகளையெல்லாம் ஷொப்பிங் பேக்கால் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அதன்பிறகு தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தவனுக்கு அதைத் திறக்க மனம் வரவில்லை. தலை நரைத்த மனிதன் ஒரு எஞ்சினுக்குப் பயந்து நிற்கிறான் என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்களும் ஒரு எஞ்சினைக் கழுவிய அந்தக் காலத்தில் நான் உங்கள் வீட்டுக்கு மருமகனாக வந்து அதிக காலம் ஆகவில்லை. கண்டியில் உங்கள் துணிக்கடையில் வந்து உட்காருவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்கள். நான் தபால் கந்தோர் உத்தியோகத்தை விடவில்லை. அன்றிலிருந்து நம் இருவருக்கும் இடையில் மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மட்டும்தான் பேச்சு. இரண்டு பேரும் மிகவும் மரியாதையாகக் கோபித்துக்கொண்டிருந்தோம். உங்கள் மகள் நடுவில் கிடந்து அவதிப்பட்டாள்.

அவள் வயிற்றில் பிள்ளை இருந்த நேரத்தில்தான் நீங்கள் குருணாகல் பக்கம் போய், யாரிடமும் கேட்காமல், அந்தப் பழைய காரை வாங்கி வந்தீர்கள். பிள்ளை தலை திரும்பாமல் இருக்கிறது, வலி கண்டால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்காமல் கண்டிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நம் வீடோ கலகெதரயில், பெரிய ரோட்டிலிருந்து கிடுகிடுவென்று இறங்கும் ஒழுங்கையின் அடியில். மழை பெய்தால் ஆட்டோக்காரர்கள் இறங்கவே யோசிப்பார்கள். கார் வாங்கியது சரிதான் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்தா?

அந்தக் காரில் ஒரு சங்கடம். கசிந்த எண்ணெய் சூடான புகைக்குழாயில் சொட்டி, கருகிய நாற்றம் உள்ளே வந்தது. முதல் தடவை ஏறியபோதே உங்கள் மகள் வாந்தி எடுத்தாள். அதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, எஞ்சினைக் கழுவ இறங்கினீர்கள். கூப்பிடாமலே நானும் வந்து நின்றேன். பேசாமல் சுரண்டினோம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை நான்தான் பேக் போட்டுக் கட்டினேன். அதற்குள் தண்ணீர் போனால் கார் கிளம்பாது, அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லியும் வைத்தேன். "ம்ம்" என்றீர்கள்.

வாளியை நிரப்பிக்கொண்டு நான் திரும்பி வரும்போது அந்த பேக் மதில்மேல் கிடந்தது. எஞ்சின் முழுக்க வெளுத்திருக்க, அந்த ஒரு இடம் மட்டும் கறுப்பாக இருந்தது உங்களுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைத் துணி விற்றுப் பழகிய கை, கறையைக் கண்டால் சும்மா இராது. பேக்கை அவிழ்த்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, தண்ணீரையும் பீய்ச்சிவிட்டீர்கள்.

"இப்ப பாருங்க மருமகன். கடையில வச்ச சாமான் மாதிரி ஈக்கு."

என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நல்ல வேளை, சொல்வதற்குள் மாமி குசினிக் கதவில் வந்து நின்றார்.

"புள்ளைக்கு வலி வந்துட்டு. தண்ணியும் ஒடஞ்சிட்டு."

அன்று ஒழுங்கையில் ஆளே இல்லை. கம்பளையில் ஒரு கலியாணம் என்று அக்கம்பக்கத்தார் எல்லோரும் போயிருந்தார்கள், ஆட்டோ வைத்திருந்தவரும்தான். அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தால், வேறொரு நோயாளியோடு போயிருக்கிறது, வரும்வரை பொறுங்கள் என்றார்கள். பொறுக்கக் கூடாது என்பதுதானே டொக்டர் சொன்னது. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடியும் திருப்பினேன். சுற்றுகிற சத்தம் இழுத்து இழுத்து மெலிந்தது. இன்னும் கொஞ்சம் முயன்றால் பெட்டரியும் போய்விடும். ஜன்னலுக்குள்ளிருந்து அவள் முனகுவது கேட்டது. நீங்கள் பொனட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தபடி நின்றீர்கள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே காயவைக்க வேண்டும் என்றேன். ஆனால் அதிலிருந்து போகிற வயர்களைக் கழற்றினால் எது எந்தப் பிளக்குக்கு என்று மறந்துவிடும், மாற்றிப் போட்டால் கார் கிளம்பவே கிளம்பாது. அதைச் சொல்லி முடிக்கும்போது நீங்கள் உள்ளே ஓடி மாமியின் தையல் பெட்டியோடு வந்துவிட்டீர்கள். ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிற நூல், அது போகிற இடத்திலும் அதே நிற நூல். அந்த அவசரத்திலும் நீங்கள் போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது, வெயில் இல்லை. கரண்டும் இல்லை. மாமிதான் யோசித்தார். பிள்ளை பிறந்து வந்தால் தாய்க்குத் தலை காயவைக்கச் சாம்பிராணிச் சட்டியும் சிரட்டைக் கரியும் எடுத்துவைத்திருந்தார். கரியை மூட்டினார். நீங்கள் சட்டியைக் காருக்குத் தூக்கி வரப் பார்த்தீர்கள். நெருப்பைக் காருக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டாம், எல்லா இடமும் மண்ணெண்ணெய் என்று நான் கத்தினேன். அதுதான் நான் உங்களிடம் குரலை உயர்த்திய முதல் தடவை. நீங்கள் மூடியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், அனலுக்கு மேல் அதைத் திருப்பித் திருப்பிப் பிடித்தீர்கள். கை சுட்டிருக்கும். பக்கத்து அறையில் மகள் "வாப்பா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். நீங்கள் திரும்பவில்லை. திரும்பினால் மூடியைப் போட்டுவிடுவீர்கள் என்று எனக்கு விளங்கியது.

நூல் பார்த்து வயர்களைச் செருகினேன். சாவியைத் திருப்பினேன். இருமி, உதறி, பற்றிக்கொண்டது. மாமி மகளைப் பின்னால் ஏற்றித் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். நீங்கள் முன்னால் ஏறினீர்கள். அந்த ஏற்றத்தில் பாதி போகவில்லை, கார் திணறத் தொடங்கியது. மழையும் பிடித்துக்கொண்டது. நின்றால் முடிந்தது. அப்போது நீங்கள் கதவைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து குதித்தீர்கள்.

"நிப்பாட்ட வாணாம். போங்க, பெய்த்துடுங்க."

பின்னால் போய்த் தள்ளினீர்கள். சில்லு சேற்றில் வழுக்கி, பிடித்து, கார் பெரிய ரோட்டில் ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். சேற்றில் முழங்கால் குத்தி விழுந்து கிடந்தீர்கள். நான் நிறுத்தவில்லை. மாமியும் நிறுத்தச் சொல்லவில்லை.

கண்டி போய்ச் சேரும் வரைக்கும் அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. எஞ்சின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தேன். பின்னால் அவளுடைய முனகல் நின்றுபோனபோது இன்னும் பயந்தேன். மாமியின் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடிக்கொண்டது.

நீங்கள் வந்து சேர்ந்தபோது நாங்கள் இன்னும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நனைந்த சாரம், சேறு, முழங்கை வரை கறுப்பு. உடுப்பைப் பார்த்து பஸ்ஸில் கண்டக்டர் உள்ளே விடவில்லையாம், மிதிபலகையிலேயே நின்று வந்தீர்களாம். அது நல்லதாய்ப் போயிற்று என்றீர்கள்.

"ஒவ்வொரு வளைவுலயும் கார் நிண்டிருக்குமோண்டு பாத்துக்கிட்டே வந்தன் மருமகன். ஒண்டுலயும் காணல்ல. அல்ஹம்துலில்லாஹ்."

அதன்பிறகு மாமி பிள்ளையைக் கையில் வாங்கி வந்தார். பெண் பிள்ளை. தாய்க்கும் சுகம். பிள்ளையின் காதில் விழுகிற முதல் சொல்லாக, தொழுகைக்கு அழைக்கிற பாங்கைச் சொல்ல வேண்டும். தகப்பன் நான்தான் சொல்வேன் என்று உங்கள் மகளிடம் எத்தனையோ தரம் பீற்றியிருந்தேன். உங்களைப் பார்த்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு, தள்ளி நின்று பிள்ளையை எட்டிப் பார்த்தீர்கள்.

"மாமா, நீங்க சொல்லுங்க."

"என்ட கை அழுக்கு."

"கை வாணாம். நான் புடிச்சிக்கிறன்."

நான் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றேன். நீங்கள் கையைப் பின்னால் கட்டியபடியே குனிந்து, அவளுடைய வலது காதுக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்தீர்கள். கடைக்கு வெளியே கேட்கிற குரல் உங்களுடையது. அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உங்கள் தலைமயிரிலிருந்து மழைத்தண்ணீர் என் கையில் சொட்டியது. நீங்கள் முடித்த பிறகு இடது காதில் நான் இகாமத் சொன்னேன். அதற்குப் பிறகு நாம் இருவரும் எவ்வளவோ பேசினோம், சண்டையும் பிடித்தோம், ஆனால் மழையைப் பற்றி மட்டும் பேசுகிற நிலைமை திரும்ப வரவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பயம்தான், மாமா. யார் வீட்டிலிருந்து வாகனத்தில் புறப்பட்டாலும் என் மனம் வளைவு வளைவாகப் பின்னால் போகிறது. அதை நான் விட விரும்பவும் இல்லை.

நீங்கள் மௌத்தான அன்று உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்ட இறங்கியவர்களில் நானும் ஒருவன். வலது கையைக் கழுவுகிற வேலை எனக்கு வந்தது. மெலிந்து, வெளுத்து, சுத்தமாக இருந்தது. நகக்கண்ணில்கூட ஒன்றும் இல்லை. கழுவ அங்கே எதுவுமே இருக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் என் தோளைத் தொட்டு, போதும் விடுங்கள் என்று சொல்லும் வரைக்கும் நான் கழுவிக்கொண்டே இருந்தேன்.